ஏழு சொட்டு

தொழிற்சாலை அவரை வேண்டாம் என்ற மாதம்
எங்கள் அடுப்பில் சங்குப்பூ கொதிக்கத் தொடங்கியது.
சாம்பார் வைக்கும் பெரிய பானை போயிற்று.
பிறகு இட்லிக் கொப்பரை.
பிறகு என் பொறுமை.
யோகேந்திரன், பாயான் லெப்பாஸில் பதினேழு வருடம்
மயிரிழைக் கம்பிகளை உருப்பெருக்கியில் பார்த்தவர்,
இப்போது பூவிதழ்களை அப்படிப் பார்த்தார்:
ஒரு கண்ணை மூடி,
பழுதானதைத் தனியே ஒதுக்கி.

சுங்கை நிபோங், எட்டாம் மாடி.
சன்னலில் ஒரு துண்டுப் பாலம், ஒரு துண்டுக் கடல்,
மீதியெல்லாம் எதிர்க் கட்டடத்தின் துணிகள்.
நாங்கள் இருப்பது தீவு என்று
பாலத்தில் நெரிசல் என்று வானொலி சொல்லும்போதுதான்
நினைவு வரும்.

மஞ்சள் கிழங்கு, மங்குஸ்தீன் தோல்,
மளிகைக்கடை ஆ செங் சும்மா தந்த வெங்காயச் சருகு,
எல்லாம் வாளி வாளியாய்க் குளியலறையில்.
குளிக்க வேண்டுமென்றால்
முதலில் ஒரு நிறத்தை நகர்த்த வேண்டும்.
திவேஷ் நீல விரல்களோடு பள்ளிக்குப் போனான்.
மை கொட்டிவிட்டது என்று சொல்லச் சொல்லியிருந்தேன்.
அவனோ டீச்சரிடம்
“எங்கப்பா பூ சமைக்கிறார்” என்றிருக்கிறான்.

ஞாயிற்றுச் சந்தையில்
கைக்குட்டை பன்னிரண்டு வெள்ளி, சால்வை நாற்பது.
கணக்கு என்னுடையது. முடிச்சு ஷர்வினாவுடையது:
கோலிக்குண்டைத் துணியில் வைத்து, ரப்பரால் இறுக்கி,
சாயத்தில் முக்கி அவிழ்த்தால் நிலா வரும்.
வந்தது.
மூன்றாம் சலவையில் நிலாவைக் காணோம் என்று
ஒரு பெண் சால்வையோடு திரும்பி வந்தாள்.
நாற்பது வெள்ளியை எண்ணிக் கொடுத்தேன்.
படிகாரம் போதவில்லை என்றார் இவர்.
பூ பழசு என்றார்.
அன்றிரவு நாங்கள் மூவரும் டிவி பார்த்தோம்,
அவர் அணைந்த அடுப்பை.

அடுத்த புதன்கிழமை
சரியாகப் பிழியாமல் போட்ட துணி
கழியிலிருந்து சொட்டி,
கீழ்வீட்டு மக்சிக் ரொக்கியாவின்
வெள்ளைத் தொழுகை அங்கியில் விழுந்தது.
ஏழு சொட்டு.
தோளில் இரண்டு, மீதி ஓரப் பின்னலில்.

அங்கியை நானே வாங்கி வந்தேன்.
எலுமிச்சை பிழிந்தேன், நீலம் ஊதா ஆனது.
இன்னும் பிழிந்தேன், ரோஜா.
சோடா மாவு போட்டேன், பச்சை.
அலசி வெயிலில் விரித்தேன்,
ஊரெல்லாம் சுற்றிய பிள்ளை வீடு திரும்புவதுபோல்
மறுபடி நீலம்.
விற்ற துணியில் நிற்காத நிறம்
விற்காத துணியில்
சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

புது அங்கி வாங்கிக்கொண்டு நால்வரும் இறங்கினோம்,
பெண் பார்க்கப் போவதுபோல.
மக்சிக் அதை மடித்து என் கையிலேயே வைத்தார்.
கடையில் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்,
பள்ளிச் செலவு இருக்குமே என்றார்.
இவர் தொண்டையைச் செருமினார்.
மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.
“என்ன சோப்பு போடுறீங்க?” என்றார்.
மக்சிக் சிரித்த சிரிப்பில்
அவர் வீட்டுப் பூனை எழுந்து உள்ளே போனது.
சாதாரணத் தூள். ஏழு வெள்ளி.

அதே தூளை வாங்கினார்.
கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்தார், பாலில் ஊறவைத்தார்,
பிழியாமல் எட்டாம் மாடியிலிருந்து
சொட்டவிட்டும் பார்த்தார்
(கீழே வாளியோடு திவேஷ்).
குறிப்பேட்டில் ‘ரொக்கியா’ என்று தலைப்பிட்ட பக்கம்
இன்னும் காலி.
மங்குஸ்தீன் பழுப்பு மட்டும் நிற்கிறது.
அதைத்தான் விற்கிறோம். யாரும் திரும்பி வரவில்லை.
வாங்கவும் அவ்வளவாக வரவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் கழி சன்னலுக்கு வெளியே நீண்டால்
கீழே அவர் கழி உள்ளே போகும்.
எங்களுடையது காய்ந்து உள்ளே வந்ததும்
ஷர்வினா இரும்புச் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவாள்.
அவருடையது வெளியே வரும்:
பாத்தேக் கைலி, தலையணை உறை,
நடுவில் அந்த அங்கி.
குனிந்து எண்ணுவேன்.
ஏழு.